பொறி தட்டும் நேரம்: லண்டன் வளைவிலிருந்து யாழ்ப்பாணத் தெரு வரை

தேம்ஸ் நதியோரத்தில் பட்னி பாலம் ரயில் நிலையம் இருக்கிறது. 1893இல் அதன் தண்டவாளத்தைத் தாங்கும் செங்கல் வளைவுகளில் ஒன்றை ஃபிரெடரிக் சிம்ஸ் என்பவர் வாடகைக்குப் பிடித்தார். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர், வயது முப்பது. ஜெர்மன் பொறியாளர் காட்லீப் டைம்லரின் எஞ்சின்களை விற்கும் உரிமையை வாங்கி வைத்திருந்தார். அந்த வளைவுக்கு அடியில் படகுகளுக்கு டைம்லர் எஞ்சின் பொருத்தி ஆற்றில் விட்டார்கள். பிரிட்டனின் மோட்டார் தொழில் கண் விழித்த இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த எஞ்சினில் டைமிங் வைப்பது, அதாவது கலவை எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்று குறித்து வைப்பது, என்ற வேலையே கிடையாது. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு சிறு பிளாட்டினக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே எரியும் பர்னர் அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சிவிடும். பிஸ்டன் மேலேறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்தும்போது அது குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். சற்று முன்னதாகப் பற்றுமா, பிந்திப் பற்றுமா என்பது குழாயின் சூட்டைப் பொறுத்தது. ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவுமில்லை. பலத்த காற்றில் பர்னர் அணைந்தால் வண்டி நின்றுவிடும். சாலை வேக வரம்பு மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட, 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் ஊர்வலமாகப் போயினவே, அதில் ஓடிய டைம்லர்கள் இந்தக் குழாயை நம்பித்தான் ஓடின.

மாற்றத்துக்கு வழி திறந்ததில் சிம்ஸுக்கும் பங்கு உண்டு. 1897இல் அவர் ஒரு டி டியோன் மூன்று சக்கர வண்டியை ஸ்டுட்கார்ட்டில் இருந்த ராபர்ட் பாஷிடம் அனுப்பி, காந்தத்தால் மின்பொறி உண்டாக்கும் மாக்னெட்டோவை அதற்குப் பொருத்தித் தரச் சொன்னார். அதுவரை பாஷ் செய்துவந்த மாக்னெட்டோக்கள் தொழிற்சாலைகளில் ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஓடும் எஞ்சின்களுக்கானவை. டி டியோன் எஞ்சினோ நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை போகும். கம்பிச் சுருள் சுற்றிய கனத்த ஆர்மெச்சூரை ஆட்டுவதற்குப் பதிலாக, அதைச் சுற்றி ஒரு லேசான உலோக உறையை ஆட்டினால் போதும் என்று பாஷின் பணிமனை மேலாளர் ஆர்னால்ட் ஸேரிங்கர் கண்டுபிடித்தார். வண்டி ஓடியது. பாஷ் நிறுவனத்தின் முதல் வெளிநாட்டு விற்பனை அலுவலகம் லண்டனில் அமைந்தது. பொறியை மின்சாரம் உண்டாக்கத் தொடங்கியதும் அது எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை மனிதன் முடிவு செய்ய முடிந்தது.

ஏன் முடிவு செய்ய வேண்டும்? சிலிண்டருக்குள் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை. பிளக் முனையில் பற்றிய தீ மறு ஓரம் வரை பரவ வேண்டும். அதற்கு இரண்டு மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கிராங்க் அதற்குள் ஏறத்தாழ 10 டிகிரி திரும்பிவிடும். 3,000 சுற்றில் 36 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கும் நேரத்தில் முழு அழுத்தமும் அதன் தலையில் விழுந்தால்தான் தள்ளு கிடைக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பது வேகத்தைப் பொறுத்தது, சுமையைப் பொறுத்தது, தொட்டியில் என்ன எரிபொருள் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லண்டனின் டைமிங் வரலாற்றில் பாதி, எரிபொருள் மாறிய வரலாறு.

தொடக்கத்தில் இந்தக் கணக்கு முழுவதும் ஓட்டுநரின் விரலில் இருந்தது. ஸ்டியரிங் சக்கரத்தை ஒட்டி ஒரு நெம்புகோல் இருக்கும். ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளில் அதன் ஒரு முனையில் ‘முன்’ என்றும் மறுமுனையில் ‘பின்’ என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். மேடு ஏறினால் பின்னுக்கு, சமதரையில் வேகமெடுத்தால் முன்னுக்கு. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள மறந்தவரின் கதி பரிதாபம். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீ பிடித்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து, கைப்பிடி மணிக்கட்டில் அடிக்கும். கட்டைவிரல் பக்கத்து எலும்பு நுனி உடையும் அந்த முறிவை 1866இலேயே விவரித்தவர் லண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன். மோட்டார் வந்தபின் அதற்கு ஓட்டுநர் முறிவு என்ற பெயர் நிலைத்தது. மருத்துவ நூல்களில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

டைமிங்கின் கதை இப்படிப் போக, வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடும் ஐடிலிங்கின் கதை ஒரு செருப்புக் கடைக் குடும்பத்தில் தொடங்குகிறது. லில்லி அண்ட் ஸ்கின்னர் என்றால் அக்கால லண்டனில் பேர்போன காலணி நிறுவனம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னருக்கு மோட்டாரில்தான் மனம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு கலவை, வேகமாக ஓடும்போது வேறொரு கலவை என்று தடுமாறிய அன்றைய கார்ப்பரேட்டர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்பத் தானாகவே வாய் அகலும் கார்ப்பரேட்டர் ஒன்றை 1904, 1905 வாக்கில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். முதல் வடிவங்களில் அந்த வாயைத் திறந்து மூடியது தோலால் செய்த துருத்தி. தோல் வணிகக் குடும்பத்தின் கைவண்ணம் எஞ்சினுக்குள் புகுந்த விதம் அது. 1910இல் அவரும் அவருடைய சகோதரரும் லண்டன் கென்டிஷ் டவுனில் எஸ்.யூ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். 1926இல் கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸ் அதை வாங்கித் தொழிலை பர்மிங்ஹாமுக்குக் கொண்டுபோனார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கணக்கற்ற பிரிட்டிஷ் கார்களின் மூச்சு எஸ்.யூ. வழியாகத்தான் போய்வந்தது.

எஸ்.யூ. கார்ப்பரேட்டரை ஐடிலிங்குக்குச் சரிசெய்யும் முறை எளிமையின் உச்சம். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் அடியில் நுனி நோக்கிச் சன்னமாகும் ஊசி ஒன்று ஜெட் துளைக்குள் இறங்கியிருக்கும். காற்று அதிகம் இழுபட்டால் பிஸ்டன் எழும்பும், ஊசியும் எழும்பும், பெட்ரோல் கூடுதலாக வரும். வெளியே இரண்டே திருகுகள் முக்கியம். ஒன்று ஐடில் வேகத்துக்கு. மற்றொன்று ஜெட்டின் அடியில் இருக்கும் அறுகோண நட்டு, அது கலவைக்கு. முதலில் ஜெட்டை முழுக்க மேலேற்றிவிட்டு, நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம், இறக்கி வைப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிஸ்டனை அடியிலிருந்து 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். சத்தம் ஒரு கணம் உயர்ந்து பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. உயர்ந்து அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. அதற்கேற்ப நட்டு ஒவ்வொரு முகமாக நகரும். இரட்டை கார்ப்பரேட்டர் வண்டியென்றால் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகுவார்கள்.

எரிபொருளுக்கு வருவோம். பொறி அளவுக்கு மீறி முந்தினாலோ பெட்ரோல் தரம் குறைந்தாலோ எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை எழும். நம்மூர் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். தீ வரிசையாகப் பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே பற்றிக்கொள்வதால் வரும் அடி அது. பிஸ்டனில் ஓட்டை போடும் அளவுக்குப் போகும். இதை ஆராய்ந்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் ஹாரி ரிக்கார்டோ. 1885இல் லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்தில் பிறந்தவர். அவருடைய தாய்வழித் தாத்தா அலெக்சாண்டர் ரெண்டல் இந்திய ரயில்வேக்களுக்கு ஆலோசகராக இருந்த பொறியாளர். முதல் உலகப் போரில் டாங்கி எஞ்சின் வடிவமைத்த ரிக்கார்டோ, போர் முடிந்ததும் ஷெல் நிறுவனத்துக்காக, அழுத்த விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய எஞ்சின் ஒன்றைக் கட்டினார். எந்த எரிபொருள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெட்ரோலுக்கும் டைமிங்குக்கும் உள்ள உறவு இதன்பிறகுதான் எண்ணாக எழுதக்கூடியதாயிற்று.

அந்த எண்ணை லண்டன்வாசிகள் 1939 செப்டம்பரில் நேரில் உணர்ந்தார்கள். போர் வந்ததும் எல்லா பிராண்டுகளும் ஒழிந்து, ‘பூல்’ என்ற ஒரே பெட்ரோல்தான் பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்தது. தரம் மட்டம். நல்ல பெட்ரோலுக்கு வைத்திருந்த டைமிங்கில் ஓட்டினால் ஏற்றத்தில் வண்டி தட்டியது. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. 1953 பிப்ரவரியில் பிராண்டுகள் திரும்பி வந்தபோது மறுபடி முன்னுக்கு. அந்நேரத்துக்குள் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப டைமிங்கை மாற்றும் வேலையை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகளும் கார்ப்பரேட்டரிலிருந்து வரும் வாக்குவம் குழாயும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில், திருப்பத் திருப்ப ‘க்ளிக்’ என்று ஒலிக்கும் ஒரு சின்ன நட்டை விட்டுவைத்தார்கள். அன்றன்று கிடைத்த பெட்ரோலுக்கு ஏற்ப ஓட்டுநரே ஓரிரு டிகிரி மாற்றிக்கொள்ள வழி அது. 1967 முதல் பங்க்குகளில் நட்சத்திரக் குறியிட்டு, இரண்டு நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று பெட்ரோல் விற்றபோதும் அந்த நட்டுக்கு வேலை இருந்தது.

1950களிலும் 60களிலும் லண்டனின் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவோரம் பானெட் திறந்து நிற்கும் மோரிஸ் மைனரும் ஃபோர்டு ஆங்கிலியாவும் சாதாரணக் காட்சி. லண்டனிலிருந்து வந்த ‘ப்ராக்டிகல் மோட்டாரிஸ்ட்’ போன்ற இதழ்கள் குமாஸ்தாவையும் பஸ் கண்டக்டரையும் பாதி மெக்கானிக் ஆக்கின. வேலையின் வரிசை எல்லோருக்கும் மனப்பாடம்: முதலில் பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டும் முனைகளின் இடைவெளி), அடுத்து டைமிங், கடைசியில் ஐடிலிங். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும். குறுகினால் பாயிண்ட் பிந்தித் திறக்கும். டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். டைமிங் பின்னுக்குப் போனால் ஐடில் இறங்கும். கடைசித் திருகை முதலில் திருகியவர் மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

மோரிஸ் மைனரில் அது நடக்கும் விதம் இது. ஃபீலர் கேஜில் 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பாகம்) தகட்டைச் செருகி பாயிண்ட்டைச் சரிசெய்வார்கள். முன்புறக் கவரில் மூன்று முள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது பிஸ்டன் உச்சி. மற்ற இரண்டும் அதற்கு 5 டிகிரி முன்பு, 10 டிகிரி முன்பு. புல்லியில் ஒரு வெட்டு. வண்டியை டாப் கியரில் போட்டு, கையால் தள்ளித் தள்ளி அந்த வெட்டைக் கையேடு சொன்ன இடத்துக்குக் கொண்டுவருவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயர் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்ப். இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், பாயிண்ட் பிரியும் கணத்தில் பல்ப் எரியும். அங்கேயே நிறுத்தி கிளாம்ப் போல்ட்டை முடுக்க வேண்டியதுதான். சில பென்ஸ் செலவில் கிடைக்கும் ஒரு பல்பு இவ்வளவு துல்லியமான வேலையைச் செய்துவிடும். பின்னாளில் ஸ்ட்ரோப் விளக்கு வந்தபோது, ஓடும் எஞ்சினிலேயே அந்த வெட்டு அசையாமல் நிற்பதுபோல் காணமுடிந்தது.

இந்தத் திறமை கப்பலேறியது. கவ்லியில் கட்டிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு, இந்தியாவில் அம்பாசடர் ஆகி 2014 வரை உத்தர்பாராவில் பிறந்துகொண்டிருந்தது. 1961இல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியபின் ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் நம் மண்ணிலேயே உருவாகின. சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்துகளில் ‘டைமிங் வெச்சு, ஸ்லோ ஸ்பீடு பாத்துக் குடுங்க’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

ஆனால் இந்தத் திறமைக்கு வந்த சோதனைகளிலேயே கடுமையானது யாழ்ப்பாணத்தில் வந்தது. 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெட்ரோல் தடை செய்யப்பட்டது. பேட்டரியும் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளவோடு, வந்தது. அந்த மண்ணெண்ணெயில் ஆஸ்டின் ஏ40களையும் மோரிஸ் மைனர்களையும் மக்கள் ஓட்டினார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும், கல்யாணப் பெண் மண்டபத்துக்குப் போனதும் அந்தக் கார்களில்தான்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே பொத்திப் பொத்தி வைத்த பெட்ரோலில் சில துளிகளை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெண்புகை தெருவை மூடியது. சூடு தணிந்தால் மறுபடி அந்தத் துளிகள் வேண்டும். எனவே ஐடிலிங்கில் அணையாமல் நிற்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. மண்ணெண்ணெயின் ஆக்டேன், அதாவது தட்டாமல் அழுத்தம் தாங்கும் திறன், பெட்ரோலைவிட மிகவும் கீழே. பெட்ரோல் டைமிங்கில் ஓட்டினால் எஞ்சின் தட்டித் தட்டியே சாகும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பாமல் இந்த வித்தை நீடிக்காது. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களின் குறைந்த அழுத்த விகிதம் இங்கே கைகொடுத்தது. இங்கிலாந்து விவசாயிகள் ஃபெர்குசன் டிராக்டரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் டிராக்டர் எண்ணெய்க்கு மாற்றியது இதே தத்துவம். ஆனால் அவர்களுக்குத் தொழிற்சாலையே அதற்கென்று எஞ்சினை மாற்றிக் கட்டித் தந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளிடம் இருந்தவை ஒரு ஸ்பானரும் இரண்டு காதுகளும். ரிக்கார்டோ ஆய்வகத்தில் கண்டதை அவர்கள் முற்றுகைக்குள் நின்று கண்டார்கள். மோட்டார் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஒரு தனி அத்தியாயமாக எழுத வேண்டும்.

ஏ40 டெவனின் ஜெனித் கார்ப்பரேட்டரைச் செய்த நிறுவனம் லண்டன் ஸ்டான்மோரில், ஹனிபாட் லேனில் இருந்தது. அதைச் சுற்றியுள்ள ஹாரோ, கிங்ஸ்பரி பகுதிகளில் இன்று ஈழத்தமிழர்கள் திரளாக வாழ்கிறார்கள்.

லண்டனிலேயே இந்தத் திருகுகளின் காலம் 1980களில் தேயத் தொடங்கியது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து எடுக்க வேண்டும் என்று 1983இல் அரச ஆணையம் சொன்னது. ஈயமில்லாப் பெட்ரோலின் ஆக்டேன் நான்கு நட்சத்திரத்தைவிடக் குறைவு என்பதால் பல கார்களின் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு வைத்தார்கள். அந்தத் திருப்பத்தில் ஊரே பயன்பெற்றது. 2000 ஜனவரி 1 முதல் ஈயப் பெட்ரோல் விற்பனையே தடைபட்டது. 1991 இறுதியில் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையில் புகைக்குழாய் அளவீடு சேர்ந்தது. 1975 ஆகஸ்டுக்கும் 1986 ஜூலைக்கும் இடையில் ஓடத் தொடங்கிய பெட்ரோல் கார் ஐடிலிங்கில் 4.5 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக்கூடாது. அதுவரை காதால் தீர்ப்பான ஐடிலிங் இப்போது கருவியின் எண்ணால் தீர்ப்பாயிற்று. 1993 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். டைமிங்கும் ஐடிலும் கணினிப் பெட்டிக்குள் போயின, திருகு மறைந்தது.

அது நல்லதற்கே. லூயிஷமில் பெருஞ்சாலையோரம் வாழ்ந்து 2013இல் ஆஸ்துமாவில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்த நகரம் இது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ் என்ற மிகக் குறைந்த புகை மண்டலம். தரத்துக்கு எட்டாத கார் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டி, வரலாற்று வாகனமாகப் பதிவான கார்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பெற்ற கார், டைமிங் பிசகி, கலவையில் பெட்ரோல் மிகுந்து புகை கக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பது சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவது. அதிலும் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அதனால் கலவை சற்று இளைக்கிறது. ஜெட் நட்டை ஒரு முகம் இறக்க வேண்டியிருக்கிறது. எரிபொருள் மீண்டும் மாறிவிட்டது, எனவே கை மீண்டும் தேவைப்படுகிறது. எஸ்.யூ. கார்ப்பரேட்டரும் அதன் உதிரிகளும் சாலிஸ்பரியில் இன்னும் தயாராகின்றன. சிம்ஸ் வாடகைக்குப் பிடித்ததைப் போன்ற ரயில் வளைவுகளுக்கு அடியில் லண்டன் மெக்கானிக்குகள் இன்னும் வேலை செய்கிறார்கள்.

லண்டனில் வசிக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய, அதற்கு டைமிங் வைத்த பெரியவர் ஒருவர் இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை டிகிரி பின்னுக்கு வைத்தார், எந்த பிளக் போட்டார், ஜெட்டை என்ன செய்தார், பேட்டரி இல்லாமல் எப்படிக் கிளப்பினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இந்த ஆண்டே எழுதிவிடுங்கள்.